ஹாலே நகரில் இரண்டு டீச்சர்கள்



ஜெர்மனியில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, "டீச்சர், பெர்லின் எப்படி இருக்கு? சுவரைப் பார்த்தீங்களா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். ஆனால் உட்கார்ந்து எழுத வேண்டும் என்று தோன்றியது பெர்லினைப் பற்றி அல்ல. ஹாலே என்று ஓர் ஊர். சாலே ஆற்றங்கரையில் இருக்கிறது. சுற்றுலாக்காரர்கள் அதிகம் போகாத ஊர்தான். ஆனால் நம் தரங்கம்பாடிக்கும் அந்த ஊருக்கும் முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட உறவு உண்டு. அதோடு, என்னைப் போல ஆசிரியர் பயிற்சி முடித்துச் சாக்பீஸ் பிடித்த எல்லோருக்கும் அந்த ஊரோடு ஒரு உறவு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமானது. மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடில் தூங்குவதுபோல் யாரும் தூங்கிவிடாதீர்கள்.

துணைக்கு வந்தவள் என் தோழி. பயிற்சிப் பள்ளி விடுதியில் இரண்டு ஆண்டும் ஒரே அறை. அவளும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆரம்பப் பள்ளியிலேயே வேலை பார்த்தவள். அவள் மகன் பெர்லினில் இருக்கிறான். என் மகள் லைப்சிக்கில். "பிள்ளைங்க வேலைக்குப் போயிட்டா நாம ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா? கிளம்புடி" என்றாள். லைப்சிக்கிலிருந்து ஹாலேவுக்கு உள்ளூர் ரயில் உண்டு. முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். இருவருக்குமே முழங்கால் வலி. ஆகவே அவசரமில்லாமல், பெஞ்சு கண்ட இடத்தில் உட்கார்ந்து, ஒரு முழு நாள் நடந்தோம்.

ரயில் நிலையத்திலிருந்து வாகனங்கள் வராத ஒரு நீளமான கடைத்தெரு நேரே சந்தைச் சதுக்கத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. நடுவில் பழைய கோட்டைச் சுவரின் மிச்சமாக ஒரு காவல் கோபுரம் நிற்கிறது. போகும் வழியில் ஊரின் பிழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹாலே உப்பால் வளர்ந்த ஊர். வேதாரண்யம்போல் கடல் உப்பு அல்ல. கடல் அங்கிருந்து வெகு தூரம். பூமிக்கடியில் உப்பு நீர் ஊற்று. அதை இறைத்து, பெரிய பாத்திரங்களில் காய்ச்சி உப்பெடுத்தார்கள். அந்தத் தொழிலாளர்களுக்கு ஹல்லோரன் என்று பெயர். விழாக்காலத்தில் அவர்கள் போடும் அங்கியில் உருண்டை உருண்டையாக வெள்ளிப் பொத்தான்கள் இருக்கும். அந்தப் பொத்தான் வடிவத்தில்தான் அவ்வூரின் பெயர்போன 'ஹல்லோரன்' சாக்லேட் உருண்டையைச் செய்கிறார்கள். தோழி இரண்டு பெட்டி வாங்கினாள். ஒரு பெட்டி ரயில் ஏறும்முன் காலி. அது யார் வேலை என்று நான் சொல்ல மாட்டேன்.

சந்தைச் சதுக்கத்தில் நின்றால் ஐந்து கோபுரங்கள் தெரியும். ஹாலேவுக்கு 'ஐந்து கோபுர நகரம்' என்றே பெயர். தனியாக நிற்பது சிவப்புக் கோபுரம். மற்ற நான்கும் ஒரே தேவாலயத்தினுடையவை. ஒரு காலத்தில் அங்கே இரண்டு தேவாலயங்கள் அருகருகே இருந்தனவாம். 16ஆம் நூற்றாண்டில் இரண்டையும் இடித்தபோது கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, நடுவில் ஒரே கூடமாகக் கட்டிவிட்டார்கள். உள்ளே மார்ட்டின் லூதரின் முகத்திலிருந்து எடுத்த அச்சு இருக்கிறது. 1546இல் அவர் இறந்தபின் உடலை விட்டன்பர்க் ஊருக்குக் கொண்டுபோகும் வழியில் ஒரு இரவு இங்கே வைத்திருந்தார்கள்.

சதுக்கத்தின் நடுவே பெரிய வெண்கலச் சிலை. இசையமைப்பாளர் ஹாண்டெல். 1685இல் இந்த ஊரில் பிறந்தவர். பின்னாளில் லண்டன் போய் உலகப் புகழ் பெற்றார். அவர் இறந்து நூறாண்டு ஆனபோது, 1859இல், ஊரார் சிலை வைத்தார்கள். அப்பா அறுவை வைத்தியம் செய்தவர். பையன் சட்டம் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பையனுக்கோ இசையில்தான் மனம். அவனுக்கு ஆர்கன் வாசிக்கவும் பாட்டெழுதவும் சொல்லிக் கொடுத்தவர், எதிரே இருக்கும் அந்த நாலு கோபுரத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த ஸாகோ என்பவர். அந்தச் சிறிய ஆர்கன்கூட இன்னும் உள்ளே இருக்கிறது. ஹாண்டெல் பெயர் தெரியாத ஐரோப்பியர் இருக்க மாட்டார்கள். ஸாகோவின் பெயர் இசை படித்தவர்களுக்கு மட்டும் தெரியும். "சிலைக்குப் பக்கத்துல ஒரு சின்னக் கல்லாவது அந்த வாத்தியாருக்கு நட்டிருக்கலாம்" என்றாள் தோழி. அன்று முழுவதும் நாங்கள் பார்த்தவற்றுக்கெல்லாம் அந்த ஒரு பேச்சே அடிப்படையாகிவிட்டது. ஊர் முழுக்க வாத்தியார்களைத் தேடிக்கொண்டே நடந்தோம்.

அங்கிருந்து சில நிமிட நடையில் பல்கலைக்கழகம். 1694இல் தொடங்கியது. பழைய கட்டடத்தின் வாசலில் இரண்டு சிங்கங்கள் படுத்திருக்கும். படிக்கட்டில் மாணவர்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். நாங்களும் ஓரமாக உட்கார்ந்துகொண்டோம். இந்த இடத்தில் நான்கு பேரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாமவர் தொமாசியுஸ். அந்தக் காலத்தில் பல்கலைக்கழகப் பாடம் என்றால் லத்தீனில்தான். ஜெர்மன் மொழியில் என்ன பெரிதாகச் சொல்லிவிட முடியும் என்பது பண்டிதர்கள் நினைப்பு. தொமாசியுஸ் 1687இல் லைப்சிக்கில், தாய்மொழியான ஜெர்மனில் விரிவுரை நடத்தப்போவதாக அறிவிப்பு ஒட்டினார். பண்டிதர்களுக்கு வந்ததே கோபம்! இப்படிப் பல விஷயங்களில் பகை முற்றி, 1690இல் அவர் லைப்சிக்கை விட்டு ஹாலேவுக்கு வந்தார். பல்கலைக்கழகம் உருவாக முக்கியக் காரணமாக இருந்தார். சூனியக்காரிகள் என்று சொல்லிப் பெண்களை எரித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த வழக்குகளுக்கு எதிராக 1701இல் எழுதியவரும் இவரே.

இரண்டாமவர் ஆமோ. இன்றைய கானா நாட்டில் பிறந்து, சிறுவனாக ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். 1727இல் இந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். இரண்டு ஆண்டில், ஐரோப்பாவில் வாழும் கறுப்பின மக்களின் சட்ட உரிமை பற்றி இங்கே வாதிட்டார். அந்த ஆய்வின் பிரதி கிடைக்காமல் போனது பெரிய இழப்பு. பின்னர் விட்டன்பர்க்கில் பட்டம் பெற்று, இதே ஹாலேவுக்குத் திரும்பி வந்து மாணவர்களுக்குத் தத்துவம் சொல்லிக்கொடுத்தார். 1730களில் ஒரு ஜெர்மன் வகுப்பறையில் ஆப்பிரிக்க ஆசிரியர்!

மூன்றாமவர் டொரோதியா எர்க்ஸ்லேபன். அப்பாவிடம் வைத்தியம் கற்றவர். பெண் என்பதால் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. 1741இல் பிரஷ்ய மன்னரிடம் தனி அனுமதி கிடைத்தது. அதற்குள் கல்யாணம். மனைவியை இழந்து ஐந்து பிள்ளைகளோடு இருந்தவரை மணந்து, அந்தப் பிள்ளைகளை வளர்த்து, தனக்கும் நான்கு பிள்ளை பெற்று, நடுவில் நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு, கடைசியில் 1754இல் ஹாலேவில் தேர்வெழுதி மருத்துவப் பட்டம் வாங்கினார். ஜெர்மனியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களைச் சாதாரணமாகச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தது 1908இல்தான். இதைக் கேட்டுத் தோழி வெகு நேரம் பேசாமல் இருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு, கைக்குழந்தையோடு அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவள் அவள்.

நான்காமவர் வோல்ஃப். புகழ்பெற்ற தத்துவப் பேராசிரியர். 1721இல் சீனர்களின் ஒழுக்கநெறி பற்றி ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். கன்பூசியஸ் சொன்ன அறம் உயர்ந்த அறம். பைபிளை அறியாத மக்களும் அறிவின் துணையால் நல்லொழுக்கத்தை அடைய முடியும் என்பது அதன் சாரம். ஊரின் சமயப் பேராசிரியர்கள் கொதித்துப்போனார்கள். மன்னர் காதுவரை விஷயம் போனது. 1723இல் உத்தரவு வந்தது: 48 மணி நேரத்துக்குள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்; தவறினால் தூக்கு. வோல்ஃப் மார்பர்க் ஊருக்குப் போனார். அடுத்த மன்னர் பட்டத்துக்கு வந்ததும் 1740இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவரை எதிர்த்தவர்களில் ஒருவர் பெயரை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. அவர் கட்டிய இடத்தைப் பார்க்கத்தான் அடுத்து நடந்தோம்.

சதுக்கத்துக்குத் திரும்பி வந்து, தெற்கே ஒரு பழைய தெரு வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் ஃபிராங்கே சதுக்கம். முதலில் கண்ணில் படுவது கான்கிரீட் தூண்களின் மேல் போகும் ஒரு மேம்பாலச் சாலை. அதன் பக்கத்தில், மஞ்சள் பூச்சுடன், உயரமான ஒரு பழைய கட்டடம். முகப்பின் உச்சியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள். ஒரு காலத்தில் இது அனாதை விடுதி.

கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். ஃபிராங்கே 1692இல் இந்தப் பகுதிக்குப் பாதிரியாராக வந்தார். அப்போது இது நகருக்கு வெளியே இருந்த குடியிருப்பு. சாராயக் கடைகள் நிறைந்த இடம். பத்து ஆண்டுக்கு முன் வந்த கொள்ளைநோயில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் தெருவில் அலைந்தார்கள். வாரந்தோறும் பிச்சை கேட்டு வந்த பிள்ளைகளுக்கு ரொட்டியோடு இரண்டு கேள்வியும் கேட்டுப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. 1695இல் அவர் வைத்திருந்த உண்டியலில் ஒரு பெண்மணி நான்கு தாலர் பதினாறு குரோஷன் காசு போட்டார். இது நல்ல முதல், இதை வைத்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்குவேன் என்று முடிவு செய்தார். அதில் இரண்டு தாலருக்குப் புத்தகம் வாங்கினார். ஏழைக் கல்லூரி மாணவன் ஒருவனை, தினம் இரண்டு மணி நேரம் பாடம் சொல்லித்தர அமர்த்தினார்.

அடுத்து நடந்ததைக் கேட்டால் ஆசிரியர்கள் எல்லோரும் சிரிப்பீர்கள். பிள்ளைகளுக்கு இருபத்தேழு புத்தகம் கொடுத்தார். திரும்பி வந்தவை நான்கு. மற்றவை எடைக்கோ விலைக்கோ போய்விட்டன. பிள்ளைகளும் பலர் வரவில்லை. நம்மில் எத்தனை பேர் "இதுகளுக்குப் போய்ச் செய்தேனே" என்று அந்த இடத்தில் விட்டிருப்போம்! அவர் மிச்சக் காசுக்கு மறுபடி புத்தகம் வாங்கினார். இந்த முறை, பாடம் முடிந்ததும் புத்தகங்களைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று விதி செய்தார். அவ்வளவுதான். எந்தப் பெரிய கல்விக் கொள்கையும் இல்லை. ஒரு அலமாரியும் பூட்டும்.

அந்தப் பூட்டிலிருந்து கிளம்பியது முப்பது ஆண்டில் ஒரு சிறிய நகரமாக வளர்ந்துவிட்டது. 1698இல் இந்தக் கட்டடத்துக்கு அடிக்கல் போட்டார்கள். உள்ளே நுழைந்தால் நீண்ட முற்றம். இருபுறமும் உயரமான வீடுகள். மரச்சட்டம் கட்டி, இடைவெளியை அடைத்து எழுப்பிய ஒரு வீடு நூறு மீட்டருக்கு மேல் நீளமும் ஆறு மாடியுமாக நிற்கிறது. மருந்துக் கடை, அச்சுக்கூடம், புத்தகக் கடை, நூலகம், பெண் பிள்ளைகளுக்கு 1698இல் தனிப் பள்ளி என்று ஒவ்வொன்றாக வந்தன. மருந்தும் புத்தகமும் விற்ற பணத்திலும் நன்கொடையிலும் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். 1727இல் ஃபிராங்கே இறந்தபோது அங்கே படித்த பிள்ளைகள் 2000க்கும் மேல்.

இத்தனை பிள்ளைகளுக்கு வாத்தியார் எங்கிருந்து வந்தார்கள்? இதுதான் எங்கள் இருவருக்கும் முக்கியமான கேள்வி. பல்கலைக்கழகத்தில் படித்த ஏழை மாணவர்களுக்கு ஃபிராங்கே இலவசச் சாப்பாடு போட்டார். பதிலுக்கு அவர்கள் தினம் இரண்டு மணி நேரம் பாடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். கோபத்தில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று விதி எழுதினார். 1707இல், அவர்களில் தேர்ந்தவர்களை மட்டும் எடுத்து இரண்டு ஆண்டு பயிற்சியும் சாப்பாடும் கொடுத்து, அதற்குப் பின் மூன்று ஆண்டு அங்கேயே பணிசெய்ய வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பிள்ளைகளே, உங்கள் டீச்சர் இரண்டு ஆண்டு படித்தாளே ஆசிரியர் பயிற்சி, அதன் பாட்டன் வீடு இது! இங்கே ஆசிரியராக இருந்த ஹெக்கர் என்பவர் பெர்லின் போய், 1747இல் தொழிலுக்கும் வாழ்க்கைக்கும் பயன்படும் பாடங்கள் நடத்தும் பள்ளியையும் மறு ஆண்டே ஆசிரியர் பயிற்சிக்கூடத்தையும் தொடங்கினார். 1763இல் பிரஷ்யா முழுவதும் கிராமத்துப் பிள்ளைகள் கட்டாயம் பள்ளிக்கு வர வேண்டும் என்ற சட்டத்தை எழுதியவரும் அவரே.

முற்றத்தின் மேல்கோடியில் ஃபிராங்கேயின் சிலை. 1829இல் வைத்தது. அவர் நிற்கிறார்; இருபுறமும் இரண்டு பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள். தோழி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "கட்டினவரை வச்சிருக்காங்க. பிள்ளைங்களை வச்சிருக்காங்க. ஒரு வேளைச் சோத்துக்காகத் தினம் ரெண்டு மணி நேரம் கத்தினானே, அந்தப் பையன் எங்கடி?"

அவனுக்குச் சிலை இல்லை.

அனாதை விடுதியின் மேல் மாடிக்குப் படியேறினோம். முழங்கால் பட்ட பாட்டை எழுத வேண்டாம். கூரைக்கடியில் ஒரு பெரிய அறை. பதினாறு அலமாரிகள். பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டிப் பாடம் நடத்த, பல நாடுகளிலிருந்து சேர்த்த பொருள்கள்: சங்கு, பவளம், கற்கள், செருப்பு, பாத்திரம், கூரையிலிருந்து தொங்கும் முதலை. கையால் தொட்டு, கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. புளியங்கொட்டை, தீப்பெட்டி, காலி மாத்திரை அட்டை என்று சேர்த்து வைத்து நாங்கள் வகுப்பில் நடத்தினோமே, அதே வேலை. ஒரு கண்ணாடிக்குப் பின்னால் பனையோலை. எழுத்தாணியால் கீறிய எழுத்து. லைப்சிக்கிலிருந்தும் பெர்லினிலிருந்தும் வந்த இரண்டு கிழவிகளுக்கு, அந்த அறையில் யாரும் மொழிபெயர்க்காமலே படிக்க முடிந்த எழுத்து அது ஒன்றுதான்.

அது எப்படி அங்கே போனது? டென்மார்க் மன்னர் அனுப்ப, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார் சீகன்பால்கு. வயது இருபத்து நான்குகூட நிறையவில்லை. ஹாலேவில் சிறிது காலம் படித்தவர். ஃபிராங்கேயைக் குருவாக நினைத்தவர். தமிழ் கற்க அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வயதான திண்ணைப் பள்ளி ஆசிரியரை, பிள்ளைகளோடு தன் வீட்டிலேயே பள்ளியை நடத்தச் சொன்னார். பிறகு தானும் அந்தப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். அழகப்பன் என்பவர் போர்ச்சுகீசு உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகள் அறிந்தவர். அவர் பொருள் விளக்கினார். கணபதி வாத்தியார் போன்றவர்கள் இலக்கியம் காட்டினார்கள். இரண்டே ஆண்டில், நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியல் எழுதும் அளவுக்கு அந்த மனிதர் படித்திருந்தார்.

அதன் பின் ஹாலேவுக்கும் தரங்கம்பாடிக்கும் கப்பலில் போக்குவரத்துத்தான். தமிழே அறியாத ஹாலே கைவினைஞர்கள், எழுதி அனுப்பிய மாதிரியைப் பார்த்துத் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் நிறைய செலவானது. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்துக்கொண்டார்கள். பொறையாற்றில் 1715இல் காகித ஆலை வந்தது. 1714இல் சீகன்பால்கு ஐரோப்பா சென்றபோது மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் சென்றார். 1716இல் ஹாலேயில் சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் அச்சேறியது. தமிழர்களிடம் கேள்வி கேட்டு வாங்கிய 99 கடிதங்கள் ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு, இந்த ஊர் அச்சுக்கூடத்திலிருந்தே வெளிவந்தன. நம் மக்களின் வழிபாடு, வைத்தியம், பள்ளி, கல்யாணம் பற்றியெல்லாம் நம்மவர்களே சொன்ன பதில்கள். எழுதியவர்கள் பெயர் அச்சில் இல்லை. பெரும்பகுதி அழகப்பன் எழுதியது என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

இப்போது வோல்ஃபை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். சீகன்பால்கு 1708இலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்து அனுப்பிவிட்டார். நாம் மூன்றாம் வகுப்பில் தலையாட்டிக்கொண்டு ஒப்பித்த அதே கொன்றைவேந்தன்! 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூலும் எழுதி அனுப்பினார். ஹாலேயில் அச்சுக்கூடம் இருந்தது, காகிதம் இருந்தது, புத்தகக் கடையும் இருந்தது. ஆனால் அச்சிடவில்லை. மக்களை மதம் மாற்ற அனுப்பியவர், அந்த மக்களின் நூல்களை உயர்வாகப் பேசுவது பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. தெய்வங்களைப் பற்றிய நூல் 1867இல், அதுவும் நம் சென்னையில்தான் அச்சேறியது. நீதிநூல் மொழிபெயர்ப்புகள் வெளிவர 20ஆம் நூற்றாண்டு ஆனது. பைபிள் அறியாதவர்களுக்கும் அறம் உண்டு என்று சொன்ன வோல்ஃப் ஊரை விட்டுத் துரத்தப்பட்டார். அதே செய்தியைத் தமிழில் ஏந்தி வந்த ஔவையின் நூல் காகிதக் கட்டுக்குள் உறங்கியது. இரண்டும் ஒரே ஊரில், சில ஆண்டு இடைவெளியில்.

அந்த முற்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பற்றி நாங்கள் நிறையப் பேசினோம். தெருப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்த அதே கை, இன்னொரு கதவைச் சாத்தியிருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க முடியாது. நல்ல பள்ளிக்கூடம் என்பது பிள்ளைகளை உள்ளே கொண்டுவந்தால் மட்டும் போதாது; வெளியே உள்ள உலகத்தின் அறிவையும் பயமில்லாமல் உள்ளே விட வேண்டும். முதல் வேலையில் ஃபிராங்கே மலை. இரண்டாவதில், மணலில் உட்கார்ந்து எழுதிய அவருடைய மாணவர் அவரைத் தாண்டிப் போய்விட்டார். அவரை அப்படிப் போகவைத்தது யார்? தரங்கம்பாடித் திண்ணையில், பெயர்கூடப் பதிவாகாத அந்த வயதான வாத்தியார்.

ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். இந்த இடமும் பாழாய்ப் போகவிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946இல், ஃபிராங்கே நிறுவனத்தைத் தனி அமைப்பாக இல்லாமல் செய்து பல்கலைக்கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் வாசலை ஒட்டி மேம்பாலச் சாலை வந்தது. கூரைகள் ஒழுகின, மரச்சட்டங்கள் உளுத்தன. நாடு ஒன்றான பிறகு, 1990களில்தான் நிறுவனத்துக்கு மறுபடி உயிர் கொடுத்து, ஒவ்வொரு வீடாகச் சரிசெய்யத் தொடங்கினார்கள். இப்போது அங்கே மழலையர் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறைவரை இயங்குகின்றன. நாங்கள் கிளம்பும்போது பள்ளி மணி அடித்தது. முதுகில் பையோடு பிள்ளைகள் சிலைக்குப் பக்கத்தில் ஓடினார்கள். பின்னாலேயே ஓர் இளம் டீச்சர், கையில் யாரோ விட்டுப்போன தண்ணீர் பாட்டிலோடு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். தோழி என் கையை அழுத்தினாள். "இதோ இருக்காடி" என்றாள்.

நம் ஊரிலும் மாணவர் குறைந்ததென்று ஆரம்பப் பள்ளிகளை இழுத்து மூடும் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். கட்டடத்தை நூறாண்டு கழித்துக்கூடப் புதுப்பித்துவிடலாம்; ஹாலேயில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவரின் பெயர் ஒரு முறை மறந்துபோனால், எந்த நிதி ஒதுக்கினாலும் திரும்பி வராது. முந்நூறு ஆண்டாகத் தேடியும் அந்தத் திண்ணை வாத்தியார் பெயர் நம் கையில் இல்லை.

ஆகவே உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். உங்கள் கையைப் பிடித்து முதன்முதலில் 'அ' எழுத வைத்தவர் யார்? டீச்சரோ, அம்மாவோ, பால்வாடி ஆயாவோ, பக்கத்து வீட்டு அக்காவோ, யாராக இருந்தாலும் அவர் பெயரையும் ஊரையும் கீழே எழுதுங்கள். என் பெயரை எழுத வேண்டாம். எனக்குத்தான் நீங்கள் தினம் காலை வணக்கம் அனுப்புகிறீர்களே! நானே தொடங்கி வைக்கிறேன்: எனக்குத் தவிட்டில் 'அ' எழுதச் சொல்லிக்கொடுத்தவர், எழுதப் படிக்கத் தெரிந்த எங்கள் அம்மாச்சி. அவர் பெயரை முதல் கருத்தில் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்